பன்னிரண்டாவது டிராக்

இன்பநாதனுக்குப் பிடிக்காதவர்களையெல்லாம் நிற்க வைத்தால் புனே லோஹேகாவ் விமான நிலையத்திலிருந்து கட்கி பஜார் வரை வரிசை நீளும். சூப் பரிமாறும் நேரத்தில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் ஹோட்டல் மேனேஜர்கள், சுருதி விலகிப் பாடிவிட்டுக் குழல்காரனை முறைக்கும் பாடகிகள், பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டுத் தங்களையும் கலைஞர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கல்யாண டிஜேக்கள், 'பிரதர், கொஞ்சம் மெதுவா' என்று காதில் கிசுகிசுக்கும் சர்ச் செயலாளர் என்று எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் வரிசையின் தலையில் இருபத்து நான்கு வருஷமாக ஒரே ஆள்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் கிளைவ், மேவிஸின் கூடப் பிறந்த அண்ணன். மேவிஸ் இன்பநாதனின் மனைவி.

வீட்டில் கிளைவின் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்லித்தான் தீரவேண்டும் என்றால் இன்பநாதன் 'அந்தத் திருடன்' என்பார். மேவிஸால் அப்படிச் சொல்ல முடியாது, அண்ணன் என்றும் சொல்ல முடியாது. அதனால் அவன் குடியிருக்கும் இடத்தின் பெயரைச் சொல்லிச் சமாளிப்பாள். "கட்கியில பேரன் பொறந்திருக்காம்" என்பாள். இன்பநாதன் பேப்பரைப் புரட்டுவார். பேச்சு அத்தோடு முடிந்துபோகும்.

அவ்வளவு பெரிய பகைக்கு என்ன காரணம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். இருபத்து மூன்று வினாடி இசைதான் காரணம். ஆனால் இன்பநாதனிடம் போய்ச் சிரித்துவிடாதீர்கள். அறுபத்து மூன்று வயதிலும் அவருக்குக் கை நீளம், கோபம் அதைவிட நீளம்.

அவருடைய அப்பா நாசரேத்துப் பக்கத்திலிருந்து புனேக்கு வந்து விமானப்படை நிலையத்தில் கிளார்க்காக வேலை பார்த்தவர். லோஹேகாவ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த இன்பநாதன் பள்ளிக்கூட பேண்டில் ஃப்ளூட் வாசித்தார். பத்தொன்பதாவது வயதில், கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு கோவாக்கார வாத்தியக்காரர் விட்டுப்போன ஆல்ட்டோ சாக்ஸபோன் கைக்கு வந்தது. சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. ரெக்கார்டைப் போட்டுக் கேட்டுக் கேட்டு ஊதினார். அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டிச் சண்டை பிடித்ததால், போர் விமானங்கள் கிளம்புகிற நேரமாகப் பார்த்துச் சாதகம் செய்யப் பழகினார். அந்த இரைச்சலுக்கு மேலே தன் காதுக்குக் கேட்க வேண்டும் என்றால் எப்படி ஊத வேண்டும், யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் அவர் ஊதும்போது மைக்கைப் பத்தடி தள்ளி வைத்தார்கள். அந்தத் தொண்டைக்குக் காரணம் விமானப்படை என்று யாருக்கும் தெரியாது.

கேம்ப் பகுதி ஹோட்டல் ஒன்றில் ஆறு வருஷம் வாசித்தார். அங்கேதான் கிளைவ் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். கிளைவும் ஃப்ளூட், சாக்ஸபோன் இரண்டும் வாசிப்பவன். இரண்டு வயது இளையவன், நல்ல சிரிப்பு, எதற்கும் அவசரமில்லாத ஆள். இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டார்கள். அந்த கேரியரில் மீன் குழம்பு வைத்து அனுப்பிய தங்கையைத்தான் பிறகு இன்பநாதன் கட்டிக்கொண்டார். கல்யாணத்தில் கிளைவ் ஊதிய ஊதலில் பந்தியில் பாதிப் பேர் சாப்பாட்டை மறந்தார்கள். இதை இன்பநாதனே ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பிறகு சொல்வதில்லை.

ஹோட்டலுக்குப் பிறகு செஷன் பிழைப்பு. அது ஒரு தனிச் சாபம். ஸ்டூடியோவிலிருந்து போன் வரும், போவீர்கள். நோட்டேஷன் காகிதத்தை நீட்டுவார்கள். சிவப்பு விளக்கு எரியும். மூன்று முறை, நான்கு முறை வாசிப்பீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து 'ஓகே' என்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்கு ஓடுவீர்கள். பாட்டு எப்படி முடிந்தது, யார் பாடினார்கள், நீங்கள் வாசித்தது அதில் இருக்கிறதா, வெட்டி எறிந்தார்களா என்று ஒருவனும் சொல்ல மாட்டான். காசெட்டின் முதுகில் உங்கள் பெயர் இருக்காது. மராத்தி சினிமா, பக்திப் பாட்டு, சமையல் எண்ணெய் விளம்பரம், பனியன் விளம்பரம் என்று மகாராஷ்டிரத்தின் காது முழுக்க இன்பநாதன் புகுந்து வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்து 'நீங்களா?' என்று கேட்க ஒருவரும் இல்லை. புழுங்காமல் என்ன செய்வார்?

இரண்டு வாத்தியத்தையும் ஒரே ஆள் வாசித்தால் ஸ்டூடியோக்காரர்களுக்குக் கொண்டாட்டம். வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும் அவஸ்தை. ஃப்ளூட்டுக்கு உதட்டைத் தளர்த்தி, காலி பாட்டில் வாயில் ஊதுவதுபோல மேலோடு ஊத வேண்டும். சாக்ஸபோனுக்குக் கீழுதட்டைப் பல்மேல் மடித்துக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவினால் உதடு குழம்பும், சத்தம் உடையும். அதனால் இரண்டையும் தனித்தனியாக வாசித்துப் பதிந்து, பிறகு சேர்த்து ஒட்டுவதுதான் வழக்கம்.

இரண்டாயிரத்தொன்றில் கோக்டே என்ற மராத்தி இசையமைப்பாளர் ஒரு டிவி தொடருக்கு முகப்பு இசை செய்தார். முதலில் ஃப்ளூட் தன்னந்தனியாக ஆரம்பிக்கும். பிறகு ஒரே ஒரு தட்டு இடைவெளி விட்டு, அதே சுரத்தை சாக்ஸபோன் பிடித்துக்கொண்டு மேலே போகும். மொத்தம் இருபத்து மூன்று வினாடி. கோக்டே காகிதத்தில் எழுதியது எலும்புக்கூடுதான். அதற்குச் சதை வைத்தது, ஆறாவது வரியில் அந்தச் சின்ன வளைவைப் போட்டது எல்லாம் இன்பநாதன். அதுமட்டுமல்ல, தனித்தனியாகப் பதிய வேண்டாம், ஒரே ஓட்டமாக வாசிக்கிறேன் என்று மார்தட்டினார். சாக்ஸபோனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஃப்ளூட்டை வாசித்தார். அந்த ஒரு தட்டு இடைவெளியில் ஃப்ளூட்டைப் பக்கத்து நாற்காலி மெத்தைமேல் போட்டுவிட்டு சாக்ஸபோனைக் கவ்வினார். மூன்று முறை வாசித்தார். கோக்டே 'டீக் ஆஹே', சரிதான் என்றார். இன்பநாதனுக்கு மும்பை ரயில் காத்திருந்தது. ஓடினார்.

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. எட்டு மணியானால் புனேயின் எல்லா ஜன்னலிலிருந்தும் அந்த ஃப்ளூட் வரும். பால்காரன் சீட்டியடித்தான், ரிக்‌ஷாக்காரன் முனகினான். இன்பநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அதைப் பற்றிச் சொன்னார். "ஒரே ஓட்டம், தெரியுமா? வெட்டு இல்ல, ஒட்டு இல்ல. இந்தியாவுல எவனும் செஞ்சதில்ல!"

அந்த வருஷக் கிறிஸ்மஸ் கிளைவ் வீட்டில். மாமனார் மாமியார், கிளைவின் மகன் கிரேக், கைக்குழந்தையாக இன்பநாதனின் மகள் ரியா, எல்லோரும் கூடியிருந்தார்கள். எட்டு மணிக்கு டிவியில் ஃப்ளூட் ஆரம்பித்தது. "சும்மா இருங்க எல்லாரும். கேளுங்க, இது நான்" என்றார் இன்பநாதன்.

கிளைவ் முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "அத்தான், அது நான் வாசிச்சது."

"என்னல சொல்லுத?"

"நெசமாத்தான். கோக்டே சாயங்காலம் கூப்பிட்டாரு. ஒங்க டேக்கப் போட்டுக் காட்டி, இதே மாதிரி சுத்தமா வாசின்னாரு. வாசிச்சேன். மொதல்ல ஃப்ளூட்டு, அப்புறம் சாக்ஸு. ரெண்டு தடவையா."

சுத்தமா! மற்றதையெல்லாம் இன்பநாதன் ஒருவேளை பொறுத்திருப்பார். அந்த ஒரு வார்த்தை மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் போட்ட வளைவு அவருக்குத் தெரியாதா? ஒவ்வொரு சுரமும் அவர் பெற்ற பிள்ளை. இவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு நாளும் திருடத்தான் பார்த்துக்கொண்டிருந்தானா? பிரியாணித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாயில் வராத வார்த்தைகளெல்லாம் கர்த்தர் பிறந்த நாளில் வந்தன. மேவிஸையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு வெளியேறினார். இனி இந்த வாசலை மிதிக்கிறவள் என் வீட்டில் இருக்க வேண்டாம் என்று தெருவில் நின்று கத்தினார். கட்கியில் பாதித் தெரு கேட்டது.

மேவிஸ் மிதிக்கவில்லை. அம்மா செத்தபோது சர்ச்சுக்குப் போனாள், கல்லறைக்குப் போனாள், கிளைவ் வீட்டுக்குப் போகவில்லை. கிரேக் கல்யாணப் பத்திரிகையை இன்பநாதன் நாலாகக் கிழித்தபோது துண்டுகளைப் பெருக்கி எடுத்தாள். கிளைவ் பைபாஸ் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். செய்தி யார் யார் வாயோ சுற்றி இவள் காதுக்கு வந்தது. அவள் சமையலறையில் நின்று ஜெபம் பண்ணினாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

இன்பநாதன் அத்தோடு விட்டாரா? ஒவ்வொரு ஸ்டூடியோவிலும், ஒவ்வொரு அரேஞ்சரிடமும் கிளைவைப் பற்றி விஷம் வைத்தார். சுருதி தாழ்கிறது என்றார், குடிக்கிறான் என்றார். கிளைவ் குடிப்பதேயில்லை. அழைப்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கிளைவ் ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு மாஸ்டராகப் போய்ச் சேர்ந்தான். இன்பநாதனுக்கு அது தித்திப்பாக இருந்தது. ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்றால் நியாயம் தன் பக்கம் என்று முழுசாக நம்ப வேண்டும். அவர் நம்பினார். அதில் பொய் இல்லை.

இப்படியிருக்க, போன மாதம் கராடியிலிருந்து வாசுதேவன் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், ஐடி கம்பெனியில் பெரிய வேலை. அங்கே அடுக்குமாடிகளில் இருக்கும் தமிழர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஐடிக்காரர்களும் இன்பநாதனின் வரிசையில் உண்டு. ஆனால் இந்த மனிதர் சோபாவின் நுனியில் உட்கார்ந்து பேசிய விதத்தில் அவர் வரிசையிலிருந்து விலக்கப்பட்டார்.

"அந்த ட்யூன் வாசிச்சது ஒரு தமிழருங்கிறதே எங்களுக்குத் தெரியாதுங்க அங்கிள். எங்க மராத்தி ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அதைக் கேட்டா இப்பவும் உருகறாங்க. வர்ற ஞாயித்துக்கெழமை விழாவுல உங்களைக் கௌரவிக்கணும்ங்க. மேடையில பேர் போட்டு, பெரிய ஸ்கிரீன்ல அந்த இசையைப் போட்டு..."

பேர் போட்டு. நாற்பது வருஷம் காற்றில் கரைந்துபோன மனிதனுக்கு இந்த இரண்டு வார்த்தை போதாதா? இன்பநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேவிஸ் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆனால் எந்தச் சங்கத்திலும் ஒரு பட்டாபிராமன் இருப்பார். இந்தச் சங்கத்துப் பட்டாபிராமன் ரிட்டயர்ட் ஆடிட்டர். யார் வேண்டுமானாலும் நான்தான் வாசித்தேன் என்று சொல்லலாம், ஆதாரம் எங்கே என்று கமிட்டியில் கையைத் தூக்கினார். வாசுதேவன் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி வந்தார். ஆனால் வரும்போதே வழியோடு வந்தார். விமான் நகரில் சாய்கிருஷ்ணா என்று ஒருவர் வீட்டிலேயே ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கோக்டே பதிவு செய்த அந்தப் பழைய ஸ்டூடியோவை மூடியபோது அங்கேயிருந்த பதிவுகளையெல்லாம் ஹார்ட் டிஸ்கோடு வாங்கியவர் அவர்தான். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்காக அதில் இருக்கிறது. நேரில் வந்து கேட்டு, இதுதான் நான் என்று காட்டினால் போதும்.

"போடச் சொல்லுங்க" என்றார் இன்பநாதன். "இருபத்து நாலு வருஷமா நான் கேட்டிட்டிருக்கற நியாயம் இது. அந்தத் திருடன் மூஞ்சியில கரியப் பூசுற நாளு."

மறுநாள் காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு சாய்கிருஷ்ணாவின் அறையில் போய் உட்கார்ந்தார். முப்பது வயசு இருக்கும் அந்தப் பையனுக்கு. சென்னைப் பேச்சு. பெரிய திரையில் வண்ணப் பட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெயர் எதுவும் இல்லை.

"அங்கிள், ஃப்ளூட்டும் சாக்ஸும் சேர்ந்தே ரெண்டு டிராக்லயும் இருக்கு. பதினொண்ணு, பன்னெண்டு. ரெண்டும் அதே ட்யூன்தான். ஒண்ண மியூட் பண்ணிட்டாங்க, இன்னொண்ணுதான் டிவில வந்துது. மொதல்ல பதினொண்ணு போடறேன்."

மற்ற வாத்தியங்களை நிறுத்திவிட்டு அதை மட்டும் போட்டான். வாயைத் திறந்து இழுத்த ஒரு மூச்சு, பிறகு ஃப்ளூட். இன்பநாதன் சிரித்துவிட்டார். இதோ, இதோ! நாற்பது வயசு இன்பநாதன், கறுப்பு மீசையோடு, அந்த அறைக்குள் நின்று ஊதிக்கொண்டிருந்தார். ஆறாவது வரி வளைவு வந்தது. என்ன வளைவு! பிறகு அந்த ஒரு தட்டு. தொப்பென்று ஒரு சத்தம், அது ஃப்ளூட் மெத்தையில் விழுந்தது. அதன் பின்னால் சாக்ஸபோன் வந்தது. அரைத் தட்டு தாமதமாக, வாத்துக் கத்துவதுபோலக் கீச்சென்று ஒரு உடைசலோடு வந்தது.

சாய்கிருஷ்ணா சிரித்தான். "யாரோ பாவம், சொதப்பிட்டாங்க. அதான் மியூட்ல இருக்கு."

இன்பநாதனின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அந்தக் கீச்சு அவருக்கு ஞாபகமே இல்லை. இருபத்து நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அது ஞாபகத்துக்கு வந்ததில்லை.

"இப்ப பன்னெண்டு."

மூக்கால் சுருக்கென்று உறிஞ்சிய ஒரு சின்ன மூச்சு, பிறகு ஃப்ளூட். அதே சுரங்கள், அதே வளைவு. ஆனால் வளைவு எண்ணெய் விட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. சாக்ஸபோன் சரியாகத் தட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு பிசிறு இல்லை. அந்த மூச்சைக் கேட்டதுமே இன்பநாதனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஹோட்டலில் ஆறு வருஷம் வலது காதுக்குப் பக்கத்தில் கேட்ட மூச்சு அது.

"இங்க பாருங்களேன்," என்று திரையைக் காட்டினான் சாய்கிருஷ்ணா. "ஃப்ளூட் ஒரு துண்டு, சாக்ஸ் ஒரு துண்டு. தனித்தனியா ரெக்கார்ட் பண்ணிருக்காங்க. நீங்க ஒரே டேக்னு சொன்னதா வாசு சார் சொன்னாரு?"

"நாளாச்சு தம்பி. மறந்து போச்சு" என்றார் இன்பநாதன்.

வாசுதேவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது. "அப்போ பன்னெண்டு உங்களுதுதானுங்களே அங்கிள்?"

அந்த அறையில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் பதினொன்றும் பன்னிரண்டும் வெறும் எண்கள். கோக்டே செத்து எட்டு வருஷம். கிளைவுக்கு யாரும் போன் பண்ணப் போவதில்லை. இல்லை என்று சொன்னால் மேடை போகும், பெயர் போகும். அதுகூடப் பரவாயில்லை, இருபத்து நான்கு வருஷக் கோபம் மொத்தமும் அசட்டுத்தனம் என்று ஆகும்.

"ஆமா" என்றார் இன்பநாதன்.

ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்போது தனக்குத் தானே வக்கீலாக இருந்து வாதாடினார். சுரம் என்னுது. வளைவு என்னுது. அவன் வெறும் நகல். அச்சு அடித்தவனா எழுதினவன்? வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீச்சென்ற அந்தச் சத்தம் சிக்னலுக்குச் சிக்னல் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. அந்த நேரத்தில் கிளைவை அவர் வெறுத்த வெறுப்பு இருக்கிறதே, அதற்கு முன்னால் வெறுத்ததெல்லாம் விளையாட்டு. திருடன் என்று வெறுப்பது சுலபம். நம்மைவிட நன்றாக வாசித்தவன் என்று தெரிந்த பிறகு வெறுக்கும்போது அது உள்ளேயே எரிகிறது.

வீட்டில் மேவிஸ் மேஜைமேல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுது" என்றார் வாசலிலிருந்தே. "ப்ரூஃப் ஆயிட்டு. நாந்தான். பன்னெண்டாவது டிராக்கு. வாசுதேவன் போன்லயே அனுப்பிட்டாரு, கேளு."

அவள் கேட்கிறாளா இல்லையா என்று பார்க்காமல் போனை மேஜையில் வைத்துப் போட்டார். மூச்சு, ஃப்ளூட், சாக்ஸபோன். இருபத்து மூன்று வினாடி. மேவிஸின் கை பட்டாணித் தோலைப் பிடித்தபடி நின்றது. முடிந்ததும் தோலைக் கீழே போட்டாள்.

"இது கிளைவ்" என்றாள்.

இருபத்து நான்கு வருஷத்தில் அந்த வீட்டில் அந்தப் பெயர் முதல் தடவையாகச் சொல்லப்பட்டது. இன்பநாதன் கத்த வாயைத் திறந்தார்.

"ஒனக்கு என்ன தெரியும்?" என்றார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்புதான் எங்க வீட்டுல. ஒம்பது வயசுலருந்து கேட்டுருக்கேன். மூக்கால உறிஞ்சுவான். அம்மா ஏசிக்கிட்டே இருப்பா. நீங்க வாயத் தொறந்து இழுப்பிய." அவள் குரல் உயரவில்லை. "டிவியில வந்த மொத நாளே தெரியும். நீங்க நோட்டக் கேட்டிய. நான் மூச்சக் கேட்டேன்."

இன்பநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். "மொத நாளேவா? பின்ன ஏன்டீ சொல்லல?"

"என்னைய யாரு கேட்டா? நீங்களும் கேக்கல, அவனும் கேக்கல. நீங்க பாட்டுக்குத் தெருவுல நின்னு கத்துனிய. சரி, இந்த மனுசன் நெசமா நம்பிட்டாரு, நம்பிட்டுப் போட்டும்னு விட்டேன். தப்பா நம்புனவரோட குடும்பம் நடத்தலாம். நடத்துனேன். எங்கம்மா பொட்டியில கெடந்தப்பவும் அவன் வீட்டு வாசல மிதிக்கல. அவன் நெஞ்சப் பொளந்து போட்டிருந்தப்பவும் போவல."

அவள் எழுந்து கையைத் துடைத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்பநாதனைப் பயமுறுத்தியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இன்னைக்கு அங்க தனியாப் போட்டுக் காட்டுனாங்கல்லா? ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும்லா?"

இன்பநாதன் மேஜையைப் பார்த்தார். தெரியாது என்று சொல்ல ஒரு வினாடி போதும். ஆனால் அந்த ஒரு வினாடி தாண்டிப் போய்விட்டது.

"தெரிஞ்சும் நாந்தான்னு சொல்லிட்டு வந்திருக்கிய" என்றாள் மேவிஸ். "இத்தனை வருசமும் நீங்க பொய் சொல்லல. நானும் பொய்யோட வாழல. இன்னைக்குத்தான் திருடுனிய."

உள்ளே போய்ச் சேலையைச் சரி செய்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"கட்கிக்கு இல்ல," என்றாள். "எங்க அண்ணன் வீட்டுக்கு."

"இரு மேவிஸ். நான் வாசுதேவன்ட்ட சொல்லிருதேன். இப்பவே சொல்லிருதேன்."

"சொல்லுங்க. சொல்லாட்டியும் போவேன்."

கதவைச் சாத்தக்கூட இல்லை. கேட்டுக்கு வெளியே ரிக்‌ஷாக்காரனிடம் இந்தியில் பேசி ஏறிக்கொண்டு போனாள். இன்பநாதன் பட்டாணித் தோலுக்கு நடுவே கிடந்த போனை எடுத்தார். அதற்குள் வாசுதேவனே அழைப்பிதழை அனுப்பியிருந்தார். மேடைப் படத்துக்குக் கீழே தமிழில், பெரிய எழுத்தில், இன்பநாதன் என்று அச்சாகியிருந்தது. எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எண்ணை அழுத்தினார்.

"சொல்லுங்க அங்கிள், பேரு சரியா வந்திருக்குங்களா?"

"பன்னெண்டு என்னுது இல்ல. நான் பதினொண்ணு."

"அந்தச் சொதப்பினதுங்களா?" என்று கேட்டுவிட்டு, வாசுதேவன் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டது தெரிந்தது.

"ஆமா. அதுதான்."

"அப்போ பன்னெண்டு யாருங்க?"

"கிளைவ். கட்கியில இருக்கான். என் மச்சான்." நம்பரைச் சொன்னார். இருபத்து நான்கு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பர், மனப்பாடமாக வந்தது.

வாசுதேவன் எழுதிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனைக்காதீங்க அங்கிள். ஞாயித்துக்கெழமை மேடையில நேர்ல வாசிக்கச் சொல்லலாம்னு இருக்கோமுங்க. இத்தனை வருஷம் ஆச்சு. அவரு இப்பவும் வாசிப்பாருங்களா? நம்பிப் போடலாமுங்களா?"

எத்தனை ஸ்டூடியோக்களில், எத்தனை பேர் இதே கேள்வியை இன்பநாதனிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் பதில் சொல்லியிருக்கிறார்.

"போடுங்க" என்றார். "என்னைய விட நல்லா வாசிப்பான்."